வர்க்கம், கனம், மூலம்: முதல் முறை நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு வழி

எட்டாம் வகுப்பில் போய் √64 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேராவது 32 என்பார்கள். அதே பிள்ளைகளிடம் எட்டெட்டு எவ்வளவு என்று கேட்டால் கேள்வி முடியும் முன்னே 64 என்று பதில் வந்துவிடும். ஆக வாய்ப்பாடு தெரிகிறது, பெருக்கல் தெரிகிறது, அந்தக் குறியீடு தன்னிடம் என்ன கேட்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஏதோ செய்யச் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் கைக்கு வந்ததைச் செய்கிறார்கள், பாதியாக்குவது எப்போதும் கைக்கு வரும்.

அதனால் இந்தப் பாடத்தை முதல் முறையாக நடத்தப் போகிறவர்களுக்கு (பள்ளியாக இருந்தாலும் சரி, வீட்டுத் திண்ணை டியூஷனாக இருந்தாலும் சரி) நான் சொல்வது ஒன்றுதான்: √ குறியைத் தள்ளிப் போடுங்கள். பரப்பு தெரியும், பக்கம் தெரியாது, அது எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி பிள்ளைகளுக்குச் சொந்தக் கேள்வியாக மாறட்டும், குறி அதற்கு அப்புறம் வரட்டும். புத்தகத்தில் உள்ள எதையும் விடச் சொல்லவில்லை, வரிசையைத்தான் கொஞ்சம் மாற்றச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பிலேயே அடுக்குகளோடு வர்க்கம் தலைகாட்டிவிடுவதால் எட்டாம் வகுப்புக்கு வரும்போது "எல்லாம் தெரியும் டீச்சர்" என்பார்கள். நம்பாதீர்கள்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. கட்டம் போட்ட நோட்டு, ரெண்டு நிற சாக்பீஸ், ஒரே அளவுள்ள பகடைக் காய்கள் ஒரு இருபத்தேழு. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும், பள்ளியில் கனசதுரக் கட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் புள்ளி வையுங்கள்

போர்டில் ஒரு புள்ளி. அதை இரண்டுக்கு இரண்டு சதுரமாக்க இன்னும் எத்தனை புள்ளி வேண்டும்? மூன்று. அதை மூன்றுக்கு மூன்றாக்க? ஐந்து. அடுத்து ஏழு, அடுத்து ஒன்பது. ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்திலும் கீழேயும் மடித்து வைத்த மாதிரி ஒரு வரிசையை நிறம் மாற்றிச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒற்றை எண்களை 1-லிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், நாலாவது வரிசை போடும்போது யாராவது ஒரு பிள்ளை கத்திவிடும். கத்தாவிட்டாலும் காத்திருங்கள்.

அப்புறம் கோலத்துக்குப் போங்கள். நேர்ப்புள்ளிக் கோலம், 7 புள்ளி, 1 வரை. நடு வரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று. பாதி வகுப்புக்கு இது வீட்டு வாசலிலேயே தெரிந்த விஷயம். மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணினால் 25. கூட்டினாலும் 25. இப்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறமாக இல்லாமல், ஒன்று விட்டு ஒன்று நிறம் மாற்றச் சொல்லுங்கள், வெளி ஓரம் வெள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளைப் புள்ளிகள் 16, சிவப்புப் புள்ளிகள் 9. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சாய்ந்த நிலையில் ஒரு 4 × 4 சதுரமும் அதற்குள் புகுந்த ஒரு 3 × 3 சதுரமும் தெரியும். 16-ம் 9-ம் சேர்ந்து 25, அதுவும் ஒரு வர்க்க எண். பிதாகரஸ் தேற்றம் பின்னால் வரும்போது இந்தக் கோலத்தை எடுத்துக்கொள்ளலாம், இப்போது பேரைச் சொல்ல வேண்டாம்.

9 புள்ளி, 1 வரை போட்டால் 41 வரும், அது 25 + 16. அது வர்க்க எண் இல்லை. அடுத்து எந்தக் கோலத்தில் மொத்தப் புள்ளி வர்க்க எண்ணாக வரும் என்று கேட்டு விட்டுவிடுங்கள். விடை 41 புள்ளி, 1 வரை, மொத்தம் 841 புள்ளி, அதாவது 29-ன் வர்க்கம், ஏனென்றால் 21-ன் வர்க்கம் 441, 20-ன் வர்க்கம் 400. இதைத் தேடிப் போகிற பிள்ளை வழியில் இருபத்தொன்று வரைக்கும் வர்க்கங்களைத் தானாகவே மனப்பாடம் செய்துவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

எதை மனப்பாடம் செய்யச் சொல்வது

20 வரை வர்க்கங்கள், 10 வரை கனங்கள். இது கட்டாயம், இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். 30 வரை வர்க்கம் தெரிந்தால் நல்லது. அதற்கு மேல் தேவையில்லை, ஏனென்றால் தெரிந்த ஒன்றிலிருந்து அடுத்ததைப் பிடிக்கலாம். 30-ன் வர்க்கம் 900 என்றால் 31-ன் வர்க்கம் 900 + 30 + 31, அதாவது 961. புள்ளி வரிசை சேர்த்த அதே வேலைதான், படத்தைக் காட்டி இதைச் சொன்னால் சூத்திரம் என்று தோன்றாது.

5-ல் முடியும் எண்களின் வர்க்கத்துக்கு ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் பிடிக்கும்: 35 என்றால் 3-ஐ அதற்கு அடுத்த எண் 4-ஆல் பெருக்கி 12, அதன் பக்கத்தில் 25, விடை 1225. இது ஏன் சரியாக வருகிறது என்பதைக் கட்டத்தாளில் காட்ட முடியும். 35 × 35 சதுரத்தில் 30 × 30 ஒரு துண்டு, 30 × 5 பட்டை இரண்டு, மூலையில் 5 × 5. அந்த இரண்டு பட்டைகளையும் ஒட்டினால் 30 × 10, அதை 30 × 30-ன் பக்கத்தில் வைத்தால் 30 × 40. மீதி மூலையில் 25. குறுக்குவழியை மட்டும் சொல்லிக்கொடுத்து இந்தப் படத்தை விட்டுவிட்டால் பாதி லாபம் போச்சு. ஒரு சதுரம் இப்படி ஒரு பெரிய துண்டு, ரெண்டு பட்டை, ஒரு மூலை என்று பிரியும் என்பதுதான் இந்தப் பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப உதவப்போகிற படம். நீள் வகுத்தல் வரை.

ஒன்றாம் இலக்கத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். 1 முதல் 20 வரை உள்ள எண்களின் வர்க்கங்களை எழுதிவிட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் வட்டம் போடச் சொன்னால் 0, 1, 4, 5, 6, 9 மட்டும்தான் வருகிறது, 2, 3, 7, 8 வரவே இல்லை என்று தெரிந்துவிடும். உடனே அதைத் திருப்பிப் போட்டுக் குழம்புவார்கள்: 6-ல் முடிந்தால் வர்க்க எண் என்று. 26, 46 என்று ரெண்டு எண்ணைப் போர்டில் எழுதிச் சும்மா நில்லுங்கள். இந்த விதி ஓர் எண்ணை வெளியே தள்ளத்தான் உதவும், உள்ளே சேர்க்க உதவாது. பூஜ்யமும் அப்படித்தான். 400 சரி, 4000 ஆகாது, கடைசியில் பூஜ்யங்கள் ஜோடியாகத்தான் வர வேண்டும்.

கேள்வியைத் திருப்புங்கள்

இப்போதுதான் மூலம். பரப்பு 49 சதுர அடி, சதுரமான அறை, ஒரு பக்கம் எவ்வளவு? 121? 400? வாயாலேயே பத்துக் கேள்வி போகட்டும், குறி எதுவும் எழுத வேண்டாம். அப்புறம் 50 என்று கேளுங்கள். வகுப்பு நின்றுவிடும். "வராது சார்" என்பார்கள். வராதா? 50 சதுர அடியில் சதுரமாக அறை கட்டவே முடியாதா என்று கேளுங்கள். கட்ட முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது பக்கம் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? 7-க்கு மேலே, 8-க்குக் கீழே, 7-க்கு மிகப் பக்கத்தில். இங்கே, இந்த இடத்தில், அந்த எண்ணை எழுத நமக்கு ஒரு குறி வேண்டியிருக்கிறது என்று சொல்லி √50 என்று எழுதுங்கள். 1525-ல் கிறிஸ்டோஃப் ருடால்ஃப் என்பவர் ஜெர்மன் மொழியில் அச்சிட்ட இயற்கணிதப் புத்தகத்தில்தான் இந்தக் குறி முதலில் வந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். மேலே நீளும் கோடு பின்னால் வந்தது.

குறி வந்த பிறகும் 32 சொல்கிறவர் இருப்பார். தப்பு என்று சொல்லாமல் "சரி, 32 அடிக்கு 32 அடி அறை, பரப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். முப்பது முப்பது தொள்ளாயிரம் என்று வாய் சொல்லும்போதே முகம் மாறும். இது ஒரு தடவையில் போகாது, பழக்கமான பிழை. ஒவ்வொரு விடையையும் திருப்பிப் பெருக்கிப் பார்க்கிற வழக்கம் வந்தால் தானாகப் போய்விடும்.

கூட ஒரு சிக்கல். (−7)-ன் வர்க்கமும் 49 தானே, அப்போது √49-க்கு −7 என்றும் சொல்லலாமா என்று விவரமான பிள்ளை ஒன்று கேட்கும். வர்க்கம் 49 ஆக இருக்கும் எண்கள் இரண்டு, √ குறி அதில் மிகை எண்ணை மட்டுமே குறிக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். மழுப்பினால் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் உங்களைத் திட்டுவார்.

தோராயம்தான் முதல் முறை

இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பகாக் காரணிக்கும் நீள் வகுத்தலுக்கும் முன்னால் தோராயமாக மதிப்பிடுவதைக் கற்றுக்கொடுங்கள். தேர்வில் அதற்கு அதிக மதிப்பெண் இல்லை என்பதால் பலர் கடைசியில் அள்ளித் தெளித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் தோராயம் தெரியாத பிள்ளைக்குத் தன் விடை அபத்தமாக இருந்தாலும் உறைக்காது.

சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கிரவுண்ட் என்றால் 2400 சதுர அடி என்று தெரிந்திருக்கும். பெரும்பாலும் 60-க்கு 40 மனையாகப் பார்த்திருப்பார்கள். அதே பரப்பு சதுர மனையாக இருந்தால் பக்கம் எவ்வளவு? 50 என்றால் 2500, கொஞ்சம் அதிகம். 48 என்றால் 2304, குறைவு. 49 என்றால் 2401. ஒரே ஒரு சதுர அடிதான் அதிகம்! அப்போது 49-லிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும்? இரண்டு பக்கமும் மெல்லிசாக ஒரு பட்டையை வெட்டி எடுக்கிறோம், பட்டைகளின் மொத்த நீளம் சுமார் 98 அடி, எடுக்க வேண்டியது 1 சதுர அடி, ஆக அகலம் 98-ல் ஒரு பங்கு அடி. அங்குலத்தில் 12-ஐ 98-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.12, அதாவது அரைக்கால் அங்குலம். கொத்தனார் கணக்கில் ஒரு நூல். 49 அடிக்கு ஒரு நூல் குறைவு என்று விடை சொல்லிப் பாருங்கள், கட்டட வேலைக்குப் போகிற அப்பா இருக்கிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

இன்னொரு வழி, சராசரி. √50 வேண்டும், 7 என்று ஊகிக்கிறோம். 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7.14. நீளம் 7.14, அகலம் 7 உள்ள செவ்வகம், பரப்பு 50. இது சதுரமாக வேண்டுமென்றால் பக்கம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நடுவை எடுத்தால் 7.07. அதன் வர்க்கம் 49.98 சொச்சம், நமக்குப் போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 7.07-ஐ வைத்து மறுபடி அதே வேலை.

இதே முறையில் √2-ஐப் பின்னமாகச் செய்து பார்க்கச் சொல்வது நல்ல வீட்டுப்பாடம், கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு. 1-ல் தொடங்கினால் முதலில் 3/2, அடுத்து 17/12, மூன்றாவது முறை 577/408. சுல்ப சூத்திரம் என்ற பழைய வடமொழி நூலில் யாகமேடை அளக்க √2-க்குச் சொல்லியிருக்கும் அளவைக் கூட்டிப் பார்த்தால் அச்சாக இதே பின்னம்தான் வருகிறது. 577-ஐ வர்க்கப்படுத்தினால் 332929, 408-ஐ வர்க்கப்படுத்தி இரட்டித்தால் 332928. ஒன்றே ஒன்று வித்தியாசம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒய்பிசி 7289 என்ற எண்ணிட்ட ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது, கி.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது, அதில் ஒரு சதுரமும் மூலைவிட்டமும் வரைந்து √2-ன் மதிப்பை அறுபதின் அடிப்படையில் எழுதியிருக்கிறார்கள், நம் தசமத்தில் ஐந்து இடம் வரை சரி. சராசரி முறையில்தான் கண்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வழி எதுவும் பலகையில் எழுதவில்லை, விடைதான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் அந்தப் பாட்டு

செங்கோண முக்கோணத்தின் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) காண வர்க்கமூலமே வேண்டாம், தமிழர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று போதையனார் பெயரில் ஒரு பாட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது ஒரு மாணவர் கட்டாயம் கொண்டுவருவார். விரட்டாதீர்கள், இலவசமாக ஒரு பீரியட் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விதி இது: நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளு, மீதியோடு குட்டையான பக்கத்தில் பாதியைச் சேர், அதுதான் கர்ணம்.

3, 4 போடுங்கள். மூன்றரையும் ஒன்றரையும் 5. சரி. 6, 8 போட்டால் 10, சரி. 5, 12 போட்டால் பத்தரையும் இரண்டரையும் 13, அதுவும் சரி! வகுப்பு கைதட்டும். இப்போது 8, 15 போடச் சொல்லுங்கள். 17.125 வருகிறது, வர வேண்டியது 17. 7, 24-க்கு 24.5, வர வேண்டியது 25. இரண்டு பக்கமும் 8 என்றால் 11 வருகிறது, உண்மையில் √128, அது 11.3-க்கு மேல். கடைசியாக 1, 80. விதிப்படி எழுபதரை. கர்ணம் நீளமான பக்கத்தைவிடக் குட்டையாகப் போய்விட்டது!

ஆக இது தோராயம், சில இடத்தில் அழகான தோராயம், எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. வேலை செய்கிற இடத்தில் மனக்கணக்காகப் போட அருமையான விதி, வர்க்கமூலத்துக்கு மாற்று இல்லை. மூன்று உதாரணம் சரியாக வந்ததால் விதி சரி என்று ஆகாது என்பதை இதைவிட நன்றாக உறைக்க வைக்கும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பகாக் காரணி

இது சுலபம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும், சீக்கிரம் கடக்கலாம். எண்ணைப் பகாக் காரணிகளாக உடை, ஜோடி சேர், ஜோடிக்கு ஒன்றை வெளியே எடு. 7056 என்றால் 2 நான்கு முறை, 3 இரண்டு முறை, 7 இரண்டு முறை. வெளியே வருவது 2 × 2 × 3 × 7 = 84. தேர்வில் வழக்கமாக வருகிற கேள்வி, எந்தச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்பது. 2352-ஐ உடைத்தால் 3-க்கு மட்டும் ஜோடி இல்லை, 3-ஆல் பெருக்கினால் அதே 7056. வகுக்கச் சொன்னாலும் 3 தான், 784 வரும். சூத்திரம் எதுவும் வேண்டாம், ஜோடி இல்லாதது யார் என்று கேட்டால் போதும்.

முழு வர்க்கம் என்று முன்கூட்டியே தெரிந்தால் 7056-ஐப் பார்த்தே சொல்லலாம். கடைசி 6, ஆக மூலம் 4-லோ 6-லோ முடியும். முன்னால் 70, அது 64-க்கும் 81-க்கும் நடுவில், ஆக எண்பது சொச்சம். 84-ஆ 86-ஆ? 85-ன் வர்க்கம் 7225, குறுக்குவழியில் உடனே தெரியும். 7056 அதைவிடக் குறைவு. 84.

நீள் வகுத்தல்: ஏன் இரட்டிக்கிறோம்

இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் மந்திரம் ஓதுகின்றன. ரெண்டு ரெண்டாகப் பிரி, ஈவை இரட்டி, பக்கத்தில் ஒரு இலக்கம் போடு, அதே இலக்கத்தால் பெருக்கு. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்று பதில். ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதியதிலேயே வர்க்கமூலம், கனமூலம் இரண்டுக்கும் இலக்கம் இலக்கமாகப் போகும் முறை இருக்கிறது, அத்தனை பழைய முறை, காரணம் மட்டும் வகுப்புக்கு வந்து சேரவில்லை.

529-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 529 சதுர அலகுள்ள சதுரம் ஒன்று வரையுங்கள். அதற்குள் போகிற, பத்தின் மடங்கான மிகப் பெரிய பக்கம் எது? 20, பரப்பு 400. 30 என்றால் 900, தாங்காது. 400 போக மீதி 129. இந்த 129-ஐச் சதுரத்தின் இரண்டு பக்கத்திலும் பட்டையாக ஒட்டி, மூலையை நிரப்ப வேண்டும். பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 20 நீளம், ஆக 40. அகலம் தெரியாது. மூலையில் இருக்கும் குட்டிச் சதுரத்தின் பக்கமும் அதே அகலம்தான். மூன்றையும் ஒரே நீளப் பட்டையாக வைத்தால் நீளம் நாற்பது சொச்சம், அந்தச் சொச்சமும் அகலமும் ஒரே எண். 43 × 3 = 129. முடிந்தது, பக்கம் 23.

இரட்டிப்பது ஏனென்றால் பட்டை ரெண்டு. பக்கத்தில் அதே இலக்கத்தைப் போடுவது ஏனென்றால் மூலைச் சதுரம். ரெண்டு ரெண்டு இலக்கமாகப் பிரிப்பது ஏனென்றால் பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கு, அதாவது மூலத்தில் ஓர் இலக்கத்துக்கு வர்க்கத்தில் இரண்டு இலக்க இடம் வேண்டும். இதற்கு ஒரு முழு பீரியட் போனாலும் போகட்டும், தாளைக் கத்தரித்து ஒட்டிக் காட்டுங்கள். இதற்கப்புறம் வழக்கமான வடிவில் எழுதிப் பழக்குவது வெறும் கையெழுத்து வேலை.

நடுவில் பூஜ்யம் வரும் எண்ணை ஒன்றாவது கொடுத்தே ஆக வேண்டும். 11025. பிரித்தால் 1, 10, 25. முதல் இலக்கம் 1, மீதி பூஜ்யம், 10-ஐ இறக்கினால் இருபது சொச்சத்துக்கு 10 பத்தாது. இங்கே 0 போடாமல் அடுத்த 25-ஐயும் இறக்கிவிட்டு 15 என்று விடை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். சரியான விடை 105. இந்தப் பிழைக்கு மருந்து நீள் வகுத்தலில் இல்லை, தோராயத்தில் இருக்கிறது: பதினோராயிரத்துச் சொச்சம், நூறு நூறு பத்தாயிரம், ஆக விடை நூறுக்குக் கொஞ்சம் மேலே. கணக்கைத் தொடங்கும் முன்பே இதை ஓரத்தில் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.

கனத்துக்குப் பகடை

பகடைகளை எடுத்து இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டாக அடுக்கச் சொல்லுங்கள், எட்டு. மூன்றுக்கு எத்தனை வேண்டும் என்று அடுக்கும் முன் ஊகிக்கச் சொல்லுங்கள். 9, 12, 18 என்றெல்லாம் வரும். அடுக்கிப் பார்த்தால் 27. வெளியே எத்தனை தெரிகிறது? 26, ஒன்று நடுவில் ஒளிந்திருக்கிறது.

அப்படியே அந்தப் பழைய கணக்கையும் போடலாம்: இந்தப் பெரிய கனசதுரத்துக்கு வெளியே முழுக்கப் பெயிண்ட் அடித்துப் பிரித்தால் எத்தனை கட்டைகளுக்கு மூன்று முகத்தில் பெயிண்ட்? மூலைகள், 8. இரண்டு முகத்தில்? விளிம்புகள், 12. ஒரு முகத்தில் 6, ஒன்றுமே இல்லாதது 1. கூட்டினால் 27. நான்குக்குப் போனால் 8, 24, 24, 8, மொத்தம் 64. கடைசி 8 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், உள்ளே ஒரு 2-ன் கனம் இருக்கிறது.

பக்கம் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்காகும் என்பதைத் தண்ணீரில் சொல்லுங்கள். 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரப் பெட்டியில் ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு மீட்டர் பக்கமுள்ள தொட்டியில் ஆயிரம் லிட்டர். இரண்டு மீட்டர் என்றால்? "ரெண்டாயிரம்" என்று கோரஸாக வரும். எட்டாயிரம்.

கனங்களின் ஒன்றாம் இலக்கம் வர்க்கத்தைவிட ஒழுங்கானது. 0, 1, 4, 5, 6, 9-ல் முடிந்தால் கனமும் அதிலேயே முடியும். 2 என்றால் 8, 8 என்றால் 2, 3 என்றால் 7, 7 என்றால் 3. எல்லா இலக்கமும் ஒரே முறை வருவதால் முழு கன எண்ணைப் பார்த்தே மூலம் சொல்லலாம். 474552: கடைசி 2, ஆக மூலம் 8-ல் முடியும். கடைசி மூன்று இலக்கத்தை மறைத்தால் 474, அது 343-க்கும் 512-க்கும் நடுவில், ஆக எழுபது சொச்சம். 78. பிள்ளைகள் வீட்டில் போய் அண்ணன் அக்காவிடம் வித்தை காட்டுவார்கள், காட்டட்டும். முழு கனமாக இல்லாத எண்ணுக்கு இது பொய்யான விடை தரும் என்பதை மட்டும் ஒரு எண் போட்டுக் காட்டிவிடுங்கள். குறை எண்களுக்கு இங்கே தகராறு இல்லை, −27-ன் கனமூலம் −3, அவ்வளவுதான்.

12 வரை கனங்கள் போர்டில் இருக்கும்போது கும்பகோணத்து ராமானுஜன் கதையைச் சொல்லுங்கள். ஆனால் விடையைச் சொல்லாதீர்கள். லண்டனில் மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார், இல்லை, இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற எண்களில் இதுதான் மிகச் சிறியது என்றார் ராமானுஜன். அந்த இரண்டு விதம் எது என்று போர்டைப் பார்த்துத் தேடச் சொல்லுங்கள். 1728-ம் 1-ம் சீக்கிரம் சிக்கும், 1000-ம் 729-ம் கொஞ்சம் நேரமெடுக்கும். அடுத்த எண் 4104, அதற்கு 16 வரை கனம் வேண்டும், வீட்டுக்கு அனுப்புங்கள்.

இன்னும் மூன்று இடறல்கள்

3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 9 + 16 என்று எழுதுவது. 7-ன் வர்க்கம் 49, இவர்கள் சொல்வது 25, காணாமல் போன 24 எங்கே? இரண்டு பட்டை, ஒவ்வொன்றும் 3 × 4. படம் ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது.

தசமம். √0.9 = 0.3 என்பார்கள். பத்துக்குப் பத்துக் கட்டம் வரைந்து மொத்தம் ஒன்று என்று வையுங்கள், 0.3 × 0.3 என்பது நூறில் ஒன்பது கட்டம், 0.09. அப்போது √0.09 தான் 0.3, √0.9 என்பது 0.95-க்குக் கொஞ்சம் கீழே. ஒன்றுக்குக் கீழே போனால் வர்க்கம் சிறிதாகும், மூலம் பெரிதாகும் என்பது பிள்ளைகளுக்கு அதிர்ச்சியாகவே இருக்கும், அந்தக் கட்டத்தை ஒரு வாரம் சுவரில் ஒட்டி வையுங்கள்.

−5-ன் வர்க்கத்தில் அடைப்புக்குறி. (−5)² என்பது 25, −5² என்பது −25. இதற்கு விளக்கம் ஒரு நிமிடம், பயிற்சி நிறைய.

தேர்வு வைக்கும்போது

விடை மட்டும் கேட்கிற கேள்விகளைப் பாதியாகக் குறையுங்கள். மீதிக்கு, தப்பான விடையைக் கொடுத்து ஏன் தப்பு என்று கணக்குப் போடாமல் சொல்லச் சொல்லுங்கள். 5328-ன் மூலம் 73 என்று ஒருவர் எழுதினார், எப்படித் தப்பு என்று தெரியும்? 8-ல் முடிகிறது, வர்க்க எண்ணாகவே இருக்க முடியாது. 11025-ன் மூலம் 15 என்றார் இன்னொருவர். 64-ன் மூலம் 32 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை ஒரு வரியில் எழுதினாலும் படமாக வரைந்தாலும் முழு மதிப்பெண். நீள் வகுத்தல் கேள்வி ஒன்று போதும், அதில் ஓரத்தில் பென்சில் தோராயம் எழுதியதற்குத் தனியாக ஒரு மதிப்பெண் உண்டு என்று வினாத்தாளிலேயே போட்டுவிடுங்கள், போடாவிட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள்.